நாலு பத்துக்கு மேல் நடக்கும் மன்றம் யாருக்கு?

கேள்வி, 13 ஜூலை 2024 (தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அப்பா)

என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். அறிவியல் மன்றத்தில் சேர்த்திருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள், நாலு பத்துக்கு ஸ்கூல் விட்டு ஐந்தரை மணி வரை இருக்கச் சொல்கிறார்கள். கண்காட்சிக்கும் பெயர் கொடுத்திருக்கிறாளாம். அடுத்த வருஷம் பத்தாவது. இந்தச் சான்றிதழ் எல்லாம் பிறகு காலேஜில் சீட்டு வாங்க உதவுமா? மார்க்குதானே கடைசியில் சோறு போடும்? பக்கத்து வீட்டில் நிறுத்திவிடச் சொல்கிறார்கள்.

14 ஜூலை 2024

வட சென்னையில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். மன்றப் பொறுப்பும் பதினான்கு வருஷமாக என்னிடம்தான். அதனால் நேராகவே சொல்கிறேன் சார். கண்காட்சிச் சான்றிதழ் உங்கள் பெண்ணுக்கு ஒரு மார்க்கும் கூட்டாது. பத்தாவது பப்ளிக்கில் ஐந்து பாடம், 500 மார்க், அவ்வளவுதான். பன்னிரண்டு முடித்துப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு என்று எழுத அங்கே இடம் கிடையாது. விளையாட்டுச் சான்றிதழுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அது வேறு.

ஆனாலும் நிறுத்தாதீர்கள். பத்தாவது அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. அந்த 25 மார்க்குக்கு நிறையப் பிள்ளைகள் பிப்ரவரியில்தான் முதல்முறையாகக் குவிலென்ஸைக் கையில் பிடிக்கிறார்கள். எதிர்ச்சுவரில் ஜன்னல் தலைகீழாக விழுவதைப் பார்த்து அன்றைக்குத்தான் அசந்துபோகிறார்கள். மன்றத்துப் பிள்ளைக்கு அது ஆறாவதிலேயே பழகிவிடும். தேர்வு அன்று கை நடுங்காது.

அப்புறம், பணத்துக்கு உதவுவது எது என்று கேட்டால் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. மாதம் 1,000 ரூபாய். அதற்கு உங்கள் பெண்ணைத் தயார் செய்யுங்கள்.

15 ஜூலை 2024

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. ஒன்பதாவது என்று நீங்கள் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நான் எட்டாவது என்று வாசித்துவிட்டேன். என்.எம்.எம்.எஸ். எட்டாம் வகுப்பில் மட்டும்தான் எழுத முடியும். உங்கள் பெண்ணுக்கு அந்த வருஷம் போய்விட்டது.

எட்டாவதில் பிள்ளை உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளுங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3.5 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000, மொத்தம் 48,000 ரூபாய். தமிழ்நாடு முழுமைக்கும் 6,695 பேர்.

தேர்வாகியும் பணம் வராமல் போன பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். பள்ளிப் பதிவில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கவும் வேண்டும். எட்டாவது தொடங்கும்போதே மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மனத்திறன் கேள்விகளைப் போட்டுப் பார்ப்பதற்கும் முன்னால் இந்த வேலைதான் முதல் படி என்று என் வகுப்புப் பெற்றோரிடம் சொல்வேன்.

உங்கள் பெண்ணுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. பதினொன்றாவதில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்தான் பாடம். 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. அதில் பாதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு.

21 ஜூலை 2024

மன்றத்தில் உட்கார்ந்து என்னதான் செய்கிறீர்கள் என்று எண்ணூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். எங்கள் மன்றம் பள்ளி நேரத்திலேயே நடக்கிறது. இந்த மாதம் நடப்பதைச் சொல்கிறேன்.

தண்ணீர் அளக்கிறோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன், பேனா அளவு இருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் தெருப் பெயர், எடுத்த நேரம், எங்கே எடுத்தது என்று மூன்று விவரம். முதல் வாரம் வந்த பாதிப் பாட்டில்களில் சீட்டே இல்லை. அதையெல்லாம் பிள்ளைகளைக் கொண்டே தொட்டியில் ஊற்றச் சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தண்ணீரை அளந்து என்ன செய்வது? இரண்டாம் வாரம் ஒருத்தன் பாட்டிலில் ஐந்து விவரம் இருந்தது. "எங்க ஆயா பம்பு அடிச்சாங்க, நான் புடிச்சேன்" என்பது வரை எழுதியிருந்தான்.

கடலுக்குப் பக்கத்துத் தெருவின் அடி பம்பு 1,840 காட்டியது. ரயில்வே லைனுக்கு மேற்கே ஒரு பம்பு 1,100 சொச்சம். லாரித் தண்ணீர் 400க்குள். கேன் தண்ணீர் 60. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. இதை கரும்பலகையில் எழுதிப் போட்டதும் வகுப்பே கசகசவென்று பேச ஆரம்பித்துவிட்டது. மீஞ்சூர்ப் பக்கம் 1960களின் கடைசியிலேயே நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியதைக் கண்டுபிடித்தார்கள். அளவுக்கு மேல் உறிஞ்சினால் நல்ல நீர் இறங்குகிறது, அந்த இடத்துக்குக் கடல் உள்ளே வருகிறது. அதே கரையில் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், நாளைக்கு 10 கோடி லிட்டர். அங்கே நடப்பது எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது கடல்நீரை அழுத்திச் சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிப்பது. பாடப் புத்தகத்தில் அது நான்கு வரி. எங்கள் பிள்ளைகளுக்கு அது எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் இருக்கிறது.

ஆக, கேன் தண்ணீர்தான் நல்ல தண்ணீர், பம்புத் தண்ணீர் கெட்டது என்று பிள்ளைகளே முடிவுக்கு வந்தார்கள்.

22 ஜூலை 2024

நேற்றைய கடைசி வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், டிடிஎஸ் கம்மின்னா நல்ல தண்ணின்னு அர்த்தமா?"

இல்லை. அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கிறது. உப்பு அதிகம் கரைந்திருந்தால் அதிகம் ஓடும். அதைத்தான் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீர்கூடக் குறைந்த எண் காட்டலாம். இதை நான் முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேன் தண்ணீர்தான் நல்லது என்று சொல்லியிருப்பார்கள். கேன் ஒன்று முப்பது ரூபாய், நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கும் வீடுகள்.

கிருமிக்கு வேறு சோதனை இருக்கிறது. செய்துவிட்டு எழுதுகிறேன்.

10 ஆகஸ்ட் 2024

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பள்ளி நேரத்தில் மன்றம் வைத்தால் பாடத்தை எப்போது முடிப்பது? ஆர்வம் உள்ள பிள்ளை சாயங்காலம் இருக்கட்டுமே?" ஐயா, நானும் 2019 வரை இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் மாற்றிக்கொண்டேன் என்று எழுதுகிறேன். தண்டையார்பேட்டை சாருக்கும் இதில்தான் என் பதில் இருக்கிறது.

2019 கோடை நினைவிருக்கும். புழல் ஏரி தரை தெரிய வற்றிப்போனது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. அந்த வருஷம் என் வகுப்பில் ஒன்பதாவது படித்த பெண் ஒருத்தி. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவாள். மெழுகுவத்தி எரிவதைப் பார்த்து எழுதச் சொன்னால் மற்றவர்கள் மூன்று வரி எழுதுவார்கள், அவள் ஒரு பக்கம் எழுதினாள். சுடரின் அடியில் நீலம், திரியைச் சுற்றி மெழுகுக் குளம், ஜன்னல் பக்கம் சாயும்போது ஒரு புறம் மட்டும் வழிவது. மாவட்டக் கண்காட்சிக்கு அவள் பெயரைத்தான் முதலில் எழுதினேன்.

நாலு பத்துக்கு மணி அடித்ததும் அவள் காணாமல் போய்விடுவாள். மன்றத்துக்கு வருவதே இல்லை. இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டேன். "வீட்ல வேலை மிஸ்" என்றாள், அதற்கு மேல் பேசவில்லை. மூன்றாம் முறை வகுப்பில் எல்லார் முன்னாலும், "அக்கறை இல்லாதவங்களுக்கு இடம் கிடையாது" என்று சொல்லி அவள் பெயரை அடித்துவிட்டு வேறு பையன் பெயரை எழுதினேன்.

அந்த வாரம் ஒருநாள் கண்காட்சிக்குச் சார்ட் வாங்கப் போகும் வழியில் அவளைப் பார்த்தேன். தெருமுனையில் குடங்கள் வரிசையாக நின்றன. பச்சை, நீலம், ஆரஞ்சு. இரண்டு குடத்துக்கு நடுவில் தரையில் குந்தி உட்கார்ந்து மடியில் நோட்டு வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கச்சி பக்கத்தில். அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்குத்தான் வருவாராம். லாரி நாலரைக்கும் வரும், ஆறரைக்கும் வரும். ஆள் இல்லாவிட்டால் குடம் தள்ளிப்போய்விடும்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். முன் பக்கம் கணக்கு. பின் பக்கத்தில் கட்டம் போட்டு, தேதி, லாரி வந்த நேரம், எத்தனை குடம் கிடைத்தது. 41 நாள். ஒருநாள் விடவில்லை. லாரி வராத நாளில் "வரல" என்று எழுதியிருந்தது. நான் எந்த மன்றத்திலும் எந்தப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்காத ஒழுங்கு. மறுநாளே அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

ஆர்வம் உள்ள பிள்ளை இருக்கட்டும் என்கிறோம் ஐயா. நாலு பத்துக்கு மேல் இருக்க முடிந்தவர்கள் யார் என்று அதற்குப் பிறகு எண்ணிப் பார்த்தேன். வீட்டில் தண்ணீர்க் குழாய் இருப்பவர்கள், கீழே தம்பி தங்கை இல்லாதவர்கள், பெரும்பாலும் பையன்கள். ஆர்வத்தை அளக்கிறோம் என்று நினைத்து வீட்டு வேலையை அளந்துகொண்டிருந்தோம்.

11 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். "மறுநாளே மன்னிப்புக் கேட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். அது உண்மை இல்லை. கண்காட்சி முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டேன். பட்டியல் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம், கேட்கவில்லை. தனியாக ஸ்டாஃப் ரூமில் கூப்பிட்டுத்தான் மன்னிப்புக் கேட்டேன். பெயரை அடித்தது வகுப்பு முழுக்கப் பார்த்தது, மன்னிப்பை யாரும் பார்க்கவில்லை. ஐந்து வருஷம் ஆகியும் இதில் மனசு ஆறவில்லை.

அவள் இப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பர் 5ஆம் தேதி அந்தத் திட்டத்தை ஆரம்பித்ததே நம் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான். அறிவியலில் கெட்டிக்காரி, ஆனால் பதினொன்றில் அறிவியல் பிரிவு எடுக்கவில்லை. எனக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவளிடம் கேட்டதில்லை.

அந்த 2019ஆம் வருஷமே எச்.எம்.மிடம் கேட்டு, செவ்வாய்க்கிழமை ஏழாவது எட்டாவது பீரியடை மன்றத்துக்கு வாங்கினேன். 2022இல் இலக்கிய மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்படம் என்று அரசே வகுப்பு நேரத்தில் நடத்தச் சொன்னதும் எங்களுக்கு வேலை சுலபமாயிற்று. அதே வருஷம் நவம்பரில் ஆறு முதல் எட்டு வரை, அறிவியலையும் கணக்கையும் செய்து பார்க்கும் வானவில் மன்றமும் வந்தது. பள்ளி நேரத்துக்கு மாற்றியதும் வருகை ஒரே மாதத்தில் 14லிருந்து 38 ஆனது. பெண்கள்தான் அதிகம் கூடினார்கள். பாடம் முடிந்ததா என்று கேட்பீர்கள் ஐயா, முடிந்தது. மற்ற நான்கு நாளில் நான் கொஞ்சம் வேகமாகப் போனேன்.

6 செப்டம்பர் 2024

நேற்று ஆசிரியர் தினம். பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள், நல்லபடியாக இருந்தது.

கண்காட்சிக்கு என்ன மாடல் செய்யலாம் என்று இங்கே நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். கடையில் ரெடிமேடாக விற்கிறார்களே, வாங்கலாமா என்றும். வாங்காதீர்கள். இரண்டு முறை நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். வரிசையாக எரிமலை, சோலார் வீடு, சொட்டு நீர்ப் பாசனம், மழைநீர் சேகரிப்பு. தெர்மாகோல், பச்சை ஸ்பாஞ்சு, ஓர் எல்.இ.டி. பல்பு. ஒரு மேஜைக்கு மூன்று நிமிஷம்கூடக் கிடைக்காது. பிள்ளை மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பிக்கும், நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஒரு மேஜையில் ஏழாவது படிக்கும் பையன். கருவாடு காயவைக்க மூன்று விதமான வலை வைத்திருந்தான். தரையில் போட்டது, பரண் மேல் போட்டது, மேலே கறுப்புத் துணி மூடியது. எது முதலில் காய்ந்தது, ஈ எதில் அதிகம் உட்கார்ந்தது என்று எண்ணி எழுதியிருந்தான். ஈயை எப்படி எண்ணினாய் என்று கேட்டேன். "அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா போட்டோ எடுத்து எண்ணேன் மிஸ், பறந்துருதுல்ல" என்றான். மேஜையில் அழகு ஒன்றும் இல்லை, மீன் நாற்றம் வேறு. நான் கொடுத்த மார்க்தான் அங்கே அதிகம். மற்ற நடுவர்கள் ஒப்பவில்லை, அவனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அவன் பள்ளி ஆசிரியரிடம் அந்த யோசனையை மத்திய அரசின் இன்ஸ்பயர் விருதுக்கு அனுப்பச் சொன்னேன். அதில் தேர்வானால் மாதிரி செய்யவே 10,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கு வரும். ஆறாவதிலிருந்தே அனுப்பலாம். யோசனையை மட்டும்தான் அனுப்ப வேண்டும், தெர்மாகோல் வேண்டாம்.

தண்டையார்பேட்டை சார், உங்கள் பெண் என்ன எடுத்திருக்கிறாள்? அவளாகத் தேர்ந்ததா, கொடுத்ததா?

21 செப்டம்பர் 2024

காலாண்டுத் தேர்வு நடக்கிறது. மன்றம் இல்லை. பேப்பர் திருத்திவிட்டு வருகிறேன்.

20 அக்டோபர் 2024

கிருமிச் சோதனை எழுதுகிறேன் என்றேன். ஒரு சின்னக் குப்பி, உள்ளே மருந்து தோய்த்த காகிதம். கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு உண்டு. நிறம் மாறாவிட்டால் அந்தச் சோதனை அளவில் பரவாயில்லை.

14ஆம் தேதி திங்கட்கிழமை எட்டுக் குப்பி போட்டோம். செவ்வாய் புதன் மழைக்கு லீவு விட்டுவிட்டார்கள். லீவு முடிந்து வந்து பீரோவைத் திறந்தால் எட்டில் ஆறு கறுத்திருந்தது. பிள்ளைகள் கத்தின கத்தலில் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆறு வீட்டுத் தண்ணீர் கெட்டது என்று எழுதிக்கொண்டிருந்தபோது அந்த ஏழாம் வகுப்புப் பெண், டி.டி.எஸ். பற்றிக் கேட்டாளே, அவள்தான், குப்பி அட்டையைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "மிஸ், நாப்பத்தெட்டு மணி நேரம் தாண்டிருச்சு. இது செல்லாது. மறுபடியும் போடணும்."

ஒரு குப்பியின் விலை எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. எட்டையும் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். கரும்பலகையில் "செல்லாது" என்று அவளையே எழுத வைத்தேன்.

27 அக்டோபர் 2024

மறுபடியும் போட்டோம். எட்டில் மூன்று கறுத்தது.

1,840 காட்டிய அடி பம்பு இருக்கிறதே, அது நிறம் மாறவே இல்லை. 400க்குள் காட்டிய லாரித் தண்ணீர், ஒரு வீட்டில் நீல டிரம்மில் பிடித்து வைத்தது, இருபத்திரண்டு மணி நேரத்திலேயே மை மாதிரி கறுத்துப்போனது. அதே லாரியில், அதே நாள், பக்கத்து வீட்டில் மூடி போட்ட எவர்சில்வர் குடத்தில் பிடித்தது தெளிவாக இருந்தது. அப்படியானால் கோளாறு லாரியில் இல்லை, டிரம்மில். ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருத்தன் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டான், நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அந்த ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்பது ஆசிரியர் வேலையில் கஷ்டமான பகுதி, பழக வருஷங்கள் ஆகும்.

டிரம்முக்குச் சொந்தமான வீட்டுப் பிள்ளையின் முகம் சின்னதாகிவிட்டது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். பாட்டில்களில் இனி வீட்டுப் பெயர் இல்லை, எண் மட்டும். அந்த டிரம்மைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்து, மூடி ஒன்று வாங்கினார்களாம். அம்மாவே வந்து சொன்னார். "டீச்சர், குவளைய விட்டு மொள்ளாம கொழாய் வெச்சுக்கினா நல்லதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நல்லது என்றேன். கை உள்ளே போகாது.

19 நவம்பர் 2024

இன்று பாடத்தை விட்டு விலகி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளி முழுக்கக் காசிமா பேச்சுதான். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், 17 வயது, ஆட்டோ ஓட்டுநர் மகள். அமெரிக்காவில் நடந்த 6ஆவது உலகக் கோப்பை கேரம் போட்டியில் தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்றிலும் தங்கம். நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. வியாசர்பாடியிலிருந்து இளவழகி உலக சாம்பியன் ஆனார். அதே வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தன்பால் கணேஷ் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்கு ஆடினார்.

எங்கள் பி.டி. சார் ஒன்று கேட்டார், அதிலிருந்து என்னால் நகர முடியவில்லை. "இவங்க யாரும் ஸ்கூல் மன்றத்துல இருந்து வரலியே, தெருவுல இருந்துதானே வந்தாங்க?" உண்மை. கேரம் போர்டு தெருவில் இருக்கிறது. பிள்ளை தண்ணீர் பிடித்துவிட்டு வரலாம், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம், எட்டு மணிக்கும் ஒரு போர்டு ஆடலாம். போர்டைச் சுற்றிப் பெரியவர்கள் நிற்கிறார்கள், தப்பாக அடித்தால் அங்கேயே சொல்கிறார்கள். வியாசர்பாடி முல்லை நகர் கால்பந்து மைதானத்திலும் அப்படித்தான். வருகிற நேரத்துக்கு வா என்கிற இடத்தில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் உலக அளவுக்குப் போயிருக்கிறார்கள்.

ஆகஸ்டில் நான் எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பள்ளி நேரத்துக்குள் மன்றம் வந்தால் போதும் என்கிற மாதிரி எழுதினேன். போதாது. பத்தாவது வந்ததும் அந்த இரண்டு பீரியடையும் கணக்குக்கு வாங்கிக்கொள்கிறார்கள், நானும் விட்டுக்கொடுத்திருக்கிறேன். வருஷம் முழுக்க நோட்டு எழுதிய பிள்ளை பத்தாவதில் எங்கே போகும்? சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஒரு மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்து வைக்கலாமா என்று யோசிக்கிறேன். வருகைப் பதிவு கிடையாது, தம்பி தங்கையைக் கூட்டி வரலாம். எச்.எம். சரி என்றிருக்கிறார். பியூரெட் என்கிற கண்ணாடி அளவுக் குழாயை மட்டும் பூட்டி வைக்கச் சொன்னார்.

1 டிசம்பர் 2024

புயல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். சனிக்கிழமை ஆய்வகம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மன்றத்துப் பிள்ளைகள் வாட்ஸப்பில் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள், வெள்ளத் தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்கலாமா என்று. பிடிக்கக் கூடாது, இறங்கவே கூடாது, எலி மூத்திரத்தால் காய்ச்சல் வரும் என்று அத்தனை பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். பெற்றோர் யாராவது இதைப் பார்த்தால் நீங்களும் சொல்லுங்கள்.

14 டிசம்பர் 2024

குகேஷ் உலக சாம்பியன் ஆனார், 18 வயதில். காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசித்ததும் செஸ் மன்றம் வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்து கையெழுத்துப் போட்டு ஒரு தாள் வந்திருக்கிறது. எங்களிடம் இரண்டு போர்டு. ஒன்றில் கறுப்பு யானை தொலைந்துபோய் அந்த இடத்தில் பேனா மூடி நிற்கிறது. அரையாண்டு முடியட்டும்.

தண்டையார்பேட்டை சார் எழுதியிருந்தார். அவர் பெண்ணுக்குக் கண்காட்சியில் பரிசு வரவில்லையாம். தங்கள் மாடியில் எந்த நேரத்தில் வெயில் எவ்வளவு என்று இரண்டு மாதம் அளந்து, தகரக் கூரையில் சுண்ணாம்பு அடித்தால் வீட்டுக்குள் எத்தனை டிகிரி குறைகிறது என்று பார்த்திருக்கிறாள். "மூணு டிகிரி குறைஞ்சுது டீச்சர், இப்ப தெருவுல ரெண்டு வீட்டுல அடிச்சுட்டாங்க" என்று எழுதியிருக்கிறார். மன்றத்துக்கு வாரம் மூன்று நாள் என்பதை ஒரு நாளாகக் குறைக்கச் சொல்லி அவரே பள்ளிக்குப் போய்ப் பேசினாராம், ஒத்துக்கொண்டார்களாம். மார்க் பற்றி இந்த முறை அவர் கேட்கவில்லை. நானே சொல்கிறேன் சார், காலாண்டு மார்க்கைப் பாருங்கள், எந்தப் பாடம் இறங்கியிருக்கிறதோ அதற்கு இப்போதே உட்கார வையுங்கள். மன்றத்தின் மேல் பழி வராமல் இருக்கட்டும்.

இன்னொன்று. ஆகஸ்டில் நான் எழுதிய அந்தப் பெண் இதை யாரோ அனுப்பிப் படித்திருக்கிறாள். நேற்று இரவு எனக்குச் செய்தி அனுப்பினாள். "மிஸ், 41 நாள் இல்ல, 43. அந்த நோட்டு இன்னும் வீட்ல இருக்கு." வேறு ஒன்றும் சொல்லவில்லை. கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். காலையில் கல்லூரி, மத்தியானம் முடிந்துவிடும் என்றாள். ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை, ஏழாவது பீரியட். மன்றத்துப் பிள்ளைகளை ஆளுக்கொரு கிராஃப் தாள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். தேதி கிடைமட்டத்தில், லாரி வந்த நேரம் செங்குத்தில். "வரல" என்று எழுதிய நாளை எப்படிக் குறிப்பது என்று அவளே சொல்லட்டும்.